பெந்தோட்டை பீச் ஹோட்டல்: புதுப்பித்த பிறகு மிச்சமிருப்பது பாவாவா, பெயர்ப்பலகையா?

விறாந்தை (இழையைத் தொடங்கியவர்)

பெந்தோட்டை பீச் ஹோட்டலுக்கு இப்போது சின்னமன் பெந்தோட்டை பீச் என்று பெயர். 1967–69இல் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிய அதே ஹோட்டல்தான். 1990களின் கடைசியில் ஒரு தடவை பெரிதாக மாற்றியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பாவா ரசிகர்கள் பலர் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். பிறகு மறுபடி மூடி, 2019 டிசம்பரில் புதிதாகத் திறந்தார்கள். இந்த முறை வேலையை வடிவமைத்தவர் சன்ன தஸ்வத்த. 1990களில் பாவாவின் கூடவே இருந்து வேலை செய்தவர். திறந்த சில மாதத்திலேயே கொரோனா வந்து நாடே மூடிக்கொண்டதால், பலர் இப்போதுதான் போய்ப் பார்க்கிறார்கள்.

போய் வந்தவர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். "பழைய பெந்தோட்டை திரும்பி வந்துவிட்டது" என்பது ஒரு கட்சி. "பாவா என்ற பெயரை வைத்து வியாபாரம் செய்கிறார்கள், உள்ளே எல்லாம் புதுசு" என்பது மற்றது. எனக்கு இரண்டிலும் முழுச் சம்மதம் இல்லை. கட்டடக்கலை தெரிந்தவர்கள், அங்கே போனவர்கள், கடலோரக் கட்டட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் சொல்லுங்கள். புதுப்பித்தது சரியா தப்பா என்று எதை வைத்துச் சொல்வது?

---

தென்திசை

நல்ல கேள்வி. என் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஹோட்டலை அறையிலிருந்து பார்க்கத் தொடங்கக்கூடாது. வாசலிலிருந்து தொடங்க வேண்டும். பெந்தோட்டை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் சின்ன மேடு. போர்த்துக்கேயர் காலத்தில் அங்கே ஒரு கோட்டை இருந்தது, அதற்குப் பின் பயணிகள் தங்கும் ஓய்வு விடுதி. பாவா அந்த இடத்தின் கதையை மறக்கவில்லை. கீழ்த்தளத்தைக் கரடுமுரடான கல் மதிலாக எழுப்பினார். காரில் வந்து இறங்கினால் முதலில் கண்ணில் படுவது அந்த மதில்தான், கடல் இல்லை. கடற்கரை ஹோட்டலுக்கு வருகிறவனுக்குக் கடலைக் காட்டாமல் ஒளித்து வைக்கிற துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்!

மதிலுக்குள் நுழைந்தால் தாழ்வான, இருட்டான, குளிர்ந்த இடம். வெயிலில் வந்த கண் பழகுவதற்குள் படிக்கட்டு. ஏறினால் வரவேற்புக் கூடம்; தலைக்கு மேலே எனா டி சில்வாவின் பத்திக் (மெழுகு வைத்துச் சாயமிட்ட) துணிகள், சதுரம் சதுரமாக, பளீரென்ற நிறங்களில். அதற்கப்புறம் முற்றம், முற்றத்தில் நீர், கோயில்களில் நிற்குமே அந்த வெள்ளை ஈழத்தலரி மரங்கள். அறைகள் அதற்கும் மேலே. கடலையும் ஆற்றையும் நிதானமாகப் பார்ப்பது அங்கே போன பிறகுதான்.

ஆக, இந்தக் கட்டடத்தின் பாரம்பரியம் என்பது எந்தக் கல்லிலும் எந்த மரத்திலும் இல்லை. நடக்கிற வரிசையில் இருக்கிறது. இருட்டு, ஏற்றம், நிறம், முற்றம், கடல். புதுப்பிக்கிறவர் குளியலறையை மாற்றட்டும், தரையை மாற்றட்டும். இந்த வரிசையைக் கலைத்தால் மட்டும் கேள்வி கேட்பேன். வாசலிலேயே கண்ணாடிச் சுவர் வைத்துக் கடலைக் காட்டிவிட்டால் ஹோட்டல் போயிற்று, மீதி அத்தனையும் அசலாக இருந்தாலும்.

---

செங்கல்சூளை

தென்திசை அண்ணா, நான் சென்னையில் ஆர்க்கிடெக்சர் படிக்கிறேன். ஒரு சந்தேகம். எங்கள் வகுப்பில் 1950–60களின் நவீனக் கட்டடக்கலை என்றால் வெள்ளைச் சுவர், தட்டைக் கூரை, கான்கிரீட், கண்ணாடி என்றுதான் காட்டுகிறார்கள். இங்கே ஓட்டுக் கூரை, கல் மதில், முற்றம். இதை எப்படி நவீனம் என்பது? பழைய வீடு மாதிரி கட்டிய ஹோட்டல் என்று சொல்லிவிட்டுப் போகலாமே?

---

தென்திசை

தம்பி, ஓட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே நிற்பது காங்கிரீட் சட்டகம். மேல் மாடிகள் கல் மதிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பது அந்தக் காலத்துக் கைவேலை இல்லை, சுத்தமான 20ஆம் நூற்றாண்டுப் பொறியியல். பாவா லண்டனில் ஏஏ (ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன்) கட்டடக்கலைப் பள்ளியில் படித்து 1957இல், 38 வயதில் கட்டடக் கலைஞரானவர். அதற்கு முன் வக்கீல். கொழும்புக்குத் திரும்பி முதலில் கட்டியவற்றில் வெள்ளைச் சுவரும் தட்டைக் கூரையும் உண்டு. மழையும் பூஞ்சையும் அதற்கு என்ன பதில் சொல்லும் என்று நமக்குத் தெரியும்தானே.

ஓட்டுக்கும் ஒரு நுட்பம் இருக்கிறது. அவர் பல கட்டடங்களில் நெளிவுள்ள சிமெந்துத் தகட்டை அடியில் போட்டு, அதன் பள்ளத்தில் அரைவட்ட ஓடுகளைப் பதித்தார். மழை ஒழுகாமல் காப்பது தகடு. வெயிலைத் தாங்குவதும் கண்ணுக்கு அழகாக இருப்பதும் ஓடு. குரங்கோ தேங்காயோ விழுந்து ஓடு உடைந்தாலும் வீட்டுக்குள் வாளி வைக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. அந்த வருடங்களில் இலங்கையில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. வெளியிலிருந்து பொருள் இறக்குவது லேசுப்பட்ட காரியமில்லை. கல், மரம், ஓடு, கைத்தறி, பத்திக் என்று உள்ளூரில் கிடைத்ததை வைத்துத்தான் கட்டியாக வேண்டும். பார்பரா சன்சோனியின் கைத்தறித் துணி, லக்கி சேனாநாயக்கவின் மயில் சிற்பம், எனாவின் பத்திக் எல்லாம் ஒரே ஹோட்டலுக்குள் வந்ததற்கு நட்பும் காரணம், இந்தத் தட்டுப்பாடும் காரணம். கையில் பணம் புரண்டிருந்தால் இத்தாலியப் பளிங்கு வந்திருக்கும், நாமும் இந்த இழையில் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

---

உப்புக்காற்று

கட்டடக்கலை பற்றி நீங்கள் பேசுங்கள். நான் சிவில் இன்ஜினியர். தென் கரையில் கடலோர ஹோட்டல்களில் (இந்த ஹோட்டலில் இல்லை) பழுதுபார்க்கும் வேலை செய்திருக்கிறேன். "அசலை அப்படியே வைத்திருக்க வேண்டியதுதானே" என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடலோரக் காங்கிரீட்டில் அசல் என்பதே கரைந்துகொண்டிருக்கும் பொருள்.

நல்ல காங்கிரீட் காரத்தன்மை உள்ளது. அதனால் உள்ளே இருக்கும் கம்பியின் மேல் ஒரு மெல்லிய படலம் உண்டாகி, துரு பிடிக்காமல் காக்கும். கடற்காற்றில் வரும் குளோரைடு மெதுமெதுவாக உள்ளே இறங்கி அந்தப் படலத்தை உடைக்கும். பிறகு கம்பி துருவாகும். துரு, இரும்பை விடப் பல மடங்கு இடம் கேட்கும். கேட்டதும் காங்கிரீட் வெடித்து உதிரும். வெளியே தெரியும்போது நோய் முற்றிவிட்டிருக்கும்.

எப்படிப் பார்ப்போம் தெரியுமா? சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு தூணாக, உத்தரமாக, பால்கனியின் அடிப்பக்கமாகத் தட்டிக்கொண்டே போவோம். நல்ல இடம் 'டங்' என்று கணீரென்று சொல்லும். உள்ளே பிளந்த இடம் 'பொத்' என்று சொல்லும். 'பொத்' என்றால் சாக்கட்டியால் வட்டம் போடுவோம். ஒரு நாள் முடிவில் நிமிர்ந்து பார்த்தால் வட்டம் இல்லாத பால்கனியைத் தேட வேண்டியிருக்கும். காலையில் "கொஞ்சம் பூச்சு வேலைதானே" என்று சொன்ன மேனேஜர் மாலையில் பேச மாட்டார்.

வட்டம் போட்ட இடத்தில் கம்பிக்குப் பின்னால் வரை கொத்தி எடுக்க வேண்டும், கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும், பாதி தின்றுபோன கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்ட வேண்டும், அப்புறம்தான் புதுக் கலவை. இதைச் செய்யாமல் மேலே பூசி வண்ணம் அடித்தால் சீக்கிரமே அதே இடம் மறுபடி வெடிக்கும். அப்படிப் பூசி மறைத்த கடலோரக் கட்டடங்களை நிறையவே பார்த்துவிட்டேன்.

எனவே 50 வயதுக் கடற்கரை ஹோட்டலை மூடி, தோலை உரித்து வேலை செய்தார்கள் என்றால் அது பாரம்பரியத்துக்கு எதிரான காரியமில்லை. உரிக்காமல் விட்டால்தான் இடிக்க வேண்டி வரும்.

---

கணக்கப்பிள்ளை

உப்புக்காற்று சொன்னதில் பாதிதான் இருக்கிறது. மீதியை நான் சொல்கிறேன். செலவழித்த பணம் திரும்பி வர வேண்டும்.

1969இல் வந்த பயணி மின்விசிறிக்குக் கீழே படுத்துக் கடற்காற்று வாங்கச் சம்மதித்தவர். இப்போது வருகிறவர் ஏசி, பெரிய குளியலறை, அறைக்குள் அசையாத வைஃபை, தண்ணீர் அழுத்தம் எல்லாம் கேட்பார். கிடைக்காவிட்டால் இரண்டு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார். "பாவா ஐயா காற்றோட்டத்தை எப்படி யோசித்தார் தெரியுமா" என்று அவருக்கு வகுப்பெடுக்க முடியாது. ஹோட்டல் நூதனசாலை இல்லை. நிரம்பினால்தான் பராமரிப்புக்குக் காசு.

---

தென்திசை

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஏசி விஷயம் அவ்வளவு எளிதில்லை. காற்று குறுக்கே போய்வர வேண்டும் என்று திறப்புகள் வைத்த அறையை அடைத்துக் குளிரூட்டினால், வெளிச் சூடும் ஈரமும் குளிர்ந்த சுவரில் வந்து தண்ணீராக நிற்கும். கூரை மூலையில் கறுப்புப் பூஞ்சை, கதவு உப்பி மூடாது, அப்புறம் "பழைய கட்டடம், அதான் நாற்றம்" என்று பழியைக் கட்டடத்தின் மேல் போடுவார்கள். 1990களில் இந்தப் பிராந்தியமெங்கும் இப்படித்தான் அடைத்துத் தள்ளினார்கள்.

அறையைக் குளிரூட்டுங்கள், தப்பில்லை. நடைபாதை, முற்றம், வரவேற்புக் கூடம், இவற்றைத் திறந்தே விடுங்கள். வியர்க்கட்டுமே கொஞ்சம்! அறைக்குப் போகிற வழியில் கடல் வாசனை வராத கடற்கரை ஹோட்டலில் எதற்குத் தங்க வேண்டும்?

---

விறாந்தை

ஒரு விஷயம் யாரும் தொடவில்லை. சட்டம்.

இலங்கையின் தொல்பொருள் சட்டம் 1940இல் வந்தது. அது பழம்பொருளைக் கணிக்க வைத்திருக்கும் கோடு 1815 மார்ச் 2, அதாவது கண்டி ஒப்பந்த நாள். அநுராதபுரத்துக் கல்லுக்கும் கண்டிக் காலத்து விகாரைக்கும் அது பொருந்தும். 1969இல் கட்டிய ஹோட்டல் அந்தக் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. உடைமையாளர் நல்ல மனசுக்காரராக இருந்தால் கட்டடம் பிழைக்கும். இல்லாவிட்டால் யாரும் கேட்க முடியாது. பாவாவின் பெயருக்குச் சந்தையில் விலை இருப்பதால் இந்த ஹோட்டல் தப்பியது. அதே காலத்தில் அவ்வளவு பெயரில்லாதவர்கள் கட்டிய நல்ல கட்டடங்களின் கதி?

---

பாண்டியநாட்டான்

எல்லாரும் ஹோட்டலின் ஆயுளுக்காக உருகுகிறீர்கள். கசப்பாக இருந்தாலும் கேட்டு வைக்கிறேன். இந்தப் பாரம்பரியம் யாருக்கு? ஒரு இரவு வாடகை எத்தனை குடும்பங்களுக்குக் கட்டும்? வெள்ளைக்காரனுக்காகக் கட்டி, வெள்ளைக்காரனுக்காகப் புதுப்பித்த இடத்தை "நம் பாரம்பரியம்" என்று நாம் ஏன் தோளில் சுமக்க வேண்டும்?

---

தென்திசை

நியாயமான கோபம், ஆனால் முழுக்கதை அப்படி இல்லை. சுற்றுலாச் சபையை அரசு 1966இல் அமைத்தது. பெந்தோட்டையை ஒரு விடுமுறை நகரமாக அரசுதான் திட்டமிட்டது. பாவாவிடம் கொடுத்தது ஹோட்டல் மட்டும் இல்லை. பக்கத்தில் செரண்டிப் ஹோட்டல், பெந்தோட்டை ரயில் நிலையம், கடைத்தொகுதி எல்லாம் அந்தத் திட்டத்துக்குள் வந்தவை. அந்த ரயில் நிலையத்தில் உட்கார டிக்கெட் காசு போதும். தாழ்ந்த ஓட்டுக்கூரை, நிழல், காற்று, ஹோட்டலுக்குப் போட்ட அதே மூளைதான். அதைப் புதுப்பிப்பது பற்றி ஏன் யாரும் இழை தொடங்கவில்லை என்று கேட்டால் உங்களோடு சேர்ந்து நானும் கேட்பேன்.

---

பாண்டியநாட்டான்

ரயில் நிலையம் பற்றி எனக்குத் தெரியாது. அதற்கு ஒரு மதிப்பெண் தருகிறேன். வாடகைக் கேள்வி அப்படியே நிற்கிறது.

---

நீலச்சாயம்

நான் மாத்தளைப் பக்கம். பத்திக் பற்றிச் சொல்லாமல் போக முடியாது.

எனா டி சில்வாவின் சொந்த ஊர் அலுவிகாரை. அங்கே ஊர்ப் பெண்களை வைத்துப் பத்திக், தையல் பட்டறை நடத்தினார். 2015இல் காலமானார். பட்டறை இருக்கிறது. பத்திக் என்பது சுவரில் மாட்டி மறந்துவிடுகிற பொருளில்லை. உருகிய மெழுகைத் துணியில் இழுத்து, சாயத்தில் முக்கி, காயவைத்து, மறுபடி மெழுகு, மறுபடி சாயம். நிறத்துக்கு ஒரு சுற்று. கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுக்க வேண்டும். மெழுகு வெடித்த இடத்தில் சாயம் புகுந்து மயிரிழை மாதிரிக் கோடுகள் விழும். அந்தக் கோடுகள் இரண்டு துணியில் ஒரேபோல் வரவே வராது.

கடற்காற்றும் வெளிச்சமும் படுகிற கூடத்தில் சாயத்துணி எத்தனை வருடம் நிறத்தோடு இருக்கும்? வெளுக்கத்தான் செய்யும். "அசல் துணியா, புதுத் துணியா" என்ற சண்டை எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. இப்போதும் அந்தக் கூடத்தின் மேலே பத்திக் இருக்கிறது. அதைச் செய்யத் தெரிந்த கைகள் மாத்தளையில் இருக்கின்றன. அச்சடித்த துணியைக் கொண்டுவந்து அங்கே ஒட்டினால் அன்றைக்கு நானும் சண்டைக்கு வருகிறேன்.

---

செங்கல்சூளை

அக்கா, அப்படியானால் எனா வீட்டின் கதையை எப்படிப் பார்க்கிறீர்கள்? 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் பாவா அவருக்குக் கட்டிய முற்றம் வைத்த வீடு. நிலம் கைமாறியபோது வீட்டைக் கழற்றி, கல்லுக்கும் மரத்துக்கும் இலக்கம் போட்டு, பாவாவின் லுனுகங்கா தோட்டத்துக்குக் கொண்டுபோய் மறுபடி எழுப்பினார்கள் என்று படித்தேன். பொருள் அசல், இடம் புதுசு. பெந்தோட்டையில் இடம் அசல், பொருளில் பாதி புதுசு. இரண்டில் எது அதிக அசல்?

---

நீலச்சாயம்

தம்பி, வீடு கொழும்பு நடுவில் நெருக்கமான ஒரு துண்டு நிலத்துக்காக யோசித்தது. வெளியே சத்தம், உள்ளே முற்றம், அதுதான் அதன் கெட்டித்தனம். தோட்டத்துக்குள் வைத்தால் எதை எதிர்த்து உள்நோக்கித் திரும்பி நிற்கும்? ஆனாலும் குப்பை லாரியில் ஏற்றுவதற்கு இது ஆயிரம் மடங்கு மேல். எனக்குக் கேட்டால், பெந்தோட்டைக்குத்தான் அதிர்ஷ்டம். ஆறும் கடலும் அங்கேயே இருக்கின்றன.

---

உப்புக்காற்று

நம்மவர்கள் மறந்துபோகும் ஒருவரைப் பற்றி ஒரு வார்த்தை. டென்மார்க்குக் கட்டடக் கலைஞர் அல்ரிக் பிளெஸ்னர் 1967இல் பாவாவை விட்டுப் போனபிறகு, எட்வர்ட்ஸ் ரீட் அண்ட் பெக் என்ற கட்டடக்கலை நிறுவனத்தில் பாவாவுக்குப் பங்காளியாக நின்றவர் பொறியியலாளர் கலாநிதி (டாக்டர்) பூலோகசுந்தரம். கோட்டேயின் நாடாளுமன்றத்தையும் (1979–82) தாண்டி அந்தக் கூட்டு ஓடியது. பாவா சைட்டில் நின்று "அந்தச் சுவரைக் கொஞ்சம் அங்கே தள்ளு" என்று மனம் மாறுகிற ஆள் என்பது ஊரறிந்தது. அப்படி மனம் மாறுகிறவருக்குக் கணக்குப் போட்டு, காசு பார்த்து, நேரத்துக்குக் கட்டடத்தை நிறுத்திக் காட்ட ஒருவர் வேண்டும். ஹோட்டல்களில் பாவா பெயரில் பலகை வைக்கிறார்கள், நல்லது. பொறியியலாளர் பெயருக்கும் அதில் ஒரு வரி இடம் போதும்.

---

விறாந்தை

முழுச் சம்மதம்.

---

கணக்கப்பிள்ளை

பலகைக்குச் செலவு குறைவு. இதற்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க அதே கரையில் மற்றவையும் இருக்கின்றன. செரண்டிப் இப்போது அவானி பெந்தோட்டை. பேருவளையின் நெப்டியூன் ஆயுர்வேத விடுதியாகி ஹெரிட்டன்ஸ் மஹா கெதர ஆனது. அகுங்கல்லையின் ட்ரைட்டன் (1979–81) ஹெரிட்டன்ஸ் அகுங்கல்ல. பெயர் எல்லாவற்றுக்கும் மாறிவிட்டது, கட்டடம் எதுவும் தரைமட்டமாகவில்லை. 2004 சுனாமி, போர், 2019 குண்டுவெடிப்பு, கொரோனா, பொருளாதார நெருக்கடி என்று இத்தனைக்கும் நடுவில் நிற்கின்றன என்றால், முதலாளிகளுக்கு ஏதோ லாபம் தெரிந்திருக்கிறது. பாண்டியநாட்டானுக்குப் பிடிக்காது, ஆனால் காப்பாற்றியது அந்த லாபம்தான்.

---

பாண்டியநாட்டான்

லாபம் இன்றைக்குக் காப்பாற்றும், நாளைக்கு அதே லாபம் பக்கத்தில் பன்னிரண்டு மாடி எழுப்பச் சொல்லும். விறாந்தை சொன்ன சட்டம் அப்போதுதான் வேண்டும். அதற்கு யாராவது மனு எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன், வாடகை பற்றிய என் கருத்தை மாற்றாமலே.

---

செங்கல்சூளை

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. அடுத்த விடுமுறையில் வருகிறேன். அங்கே தங்க வசதியில்லை. வெளியே நின்று மதிலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதானா? எங்கள் ஊரில் 1970களில் பாவா கைவைத்த கன்னிமாரா ஹோட்டலுக்குள் போகவே எனக்குக் கூச்சம்.

---

தென்திசை

கூச்சம் வேண்டாம் தம்பி. முதல் நாளே போன் செய்து, கட்டடக்கலை மாணவர், சாப்பிட அல்லது தேநீர் குடிக்க வரலாமா என்று கேளுங்கள். இப்படிக் கேட்பதில் தப்பே இல்லை. கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து கரையோர ரயிலில் வாருங்கள். வலது பக்க ஜன்னல், கடல் அந்தப் பக்கம்தான். எல்லா ரயிலும் பெந்தோட்டையில் நிற்காது, அப்படியானால் அளுத்கமையில் இறங்கி ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் சரி. பகல் 11 மணிவாக்கில் உள்ளே போங்கள். வெளியே வெயில் உச்சத்தில் இருக்கும்போதுதான் அந்த இருட்டு வாசலின் வேலை தெரியும். படமெடுப்பதற்கு முன் அளவு நாடாவை எடுங்கள். படியின் உயரம், அகலம், வாசல் கூரையின் உயரம், மேல் கூடத்தின் உயரம் நான்கையும் குறித்துவந்து இங்கே போடுங்கள்.

---

உப்புக்காற்று

சுத்தியல் கொண்டுபோகாதீர்கள், வெளியே அனுப்பிவிடுவார்கள்.